நூறு பேரில் பதின்மூன்று பேர்: ஒரு மருத்துவரின் ஆய்வுக் கட்டுரைகள் நமக்குச் சொல்வது என்ன?

"இரத்தப் புற்றுநோய்க்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்ய வேண்டும், உதவுங்கள்" என்ற வேண்டுகோளை வாட்ஸ்அப்பில் அடிக்கடி பார்க்கிறோம். "ஸ்டெம் செல் மூலம் எந்த நோயும் தீரும்" என்ற விளம்பரமும் அதே போனில்தான் வருகிறது. இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? இச்சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் வெளியிட்ட கட்டுரைகளை வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

முதலில் சிகிச்சையைப் புரிந்துகொள்வோம். நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்த அணுக்களை உற்பத்தி செய்கிறது. இரத்தப் புற்றுநோயில் அந்த உற்பத்தியே கெட்டுப்போகிறது. எனவே கடுமையான மருந்தாலும் கதிர்வீச்சாலும் நோயுற்ற மஜ்ஜையை அழித்துவிட்டு, வேறொருவரின் ஆரோக்கியமான மஜ்ஜையை இரத்தம் ஏற்றுவது போல நரம்பு வழியாகச் செலுத்துகிறார்கள். அதிலுள்ள ஸ்டெம் செல்கள் எலும்புக்குள் சென்று தங்கி, புதிய இரத்தத்தை உருவாக்குகின்றன.

1957-ல் தாமஸும் அவரது குழுவினரும் இந்த முயற்சியைப் பற்றி 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் எழுதினார்கள். சிகிச்சை பெற்றவர்கள் ஆறு பேர். அவர்களில் எவரும் நூறு நாட்களைத் தாண்டவில்லை. தோல்வியை மறைக்காமல் அப்படியே பதிவு செய்தார்கள். 1959-ல் வெளியான அடுத்த கட்டுரை, ஒரே மாதிரி இரட்டையர்களிடமிருந்து மஜ்ஜை பெற்ற இரு நோயாளிகளைப் பற்றியது. புதிய மஜ்ஜை வேலை செய்தது. ஆனால் சில மாதங்களில் புற்றுநோய் திரும்பிவிட்டது.

இரட்டையர் அல்லாதவர்களிடமிருந்து மஜ்ஜை பெற்றபோது வேறொரு சிக்கல் வந்தது. நோயாளியின் உடல் புதிய மஜ்ஜையை நிராகரித்தது, அல்லது புதிய மஜ்ஜையிலிருந்து உருவான அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கின. பல மருத்துவர்கள் இது நடக்காத காரியம் என்று ஒதுங்கினார்கள். தாமஸ் குழு நாய்களை வைத்து ஆய்வைத் தொடர்ந்தது. திசுப் பொருத்தம் பார்த்து, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கிடையே மஜ்ஜை மாற்றினால் அவை நீண்ட காலம் பிழைப்பதைக் கண்டார்கள். அதன் பிறகே, 1969-ல் சியாட்டில் நகரில், பொருத்தமான உடன்பிறந்தாரிடமிருந்து மஜ்ஜை எடுத்து மனிதர்களுக்கு மீண்டும் செலுத்தத் தொடங்கினார்கள்.

1977-ல் 'பிளட்' இதழில் வந்த கட்டுரை முக்கியமானது. மற்ற சிகிச்சைகள் பலனளிக்காத, நோய் முற்றிய நூறு பேருக்கு மாற்று சிகிச்சை செய்திருந்தார்கள். அவர்களில் 13 பேர் நோயின்றி உயிரோடு இருந்தார்கள். 13 என்பது சிறிய எண்தான். ஆனால் அதற்கு முன் அவர்களுக்கு நம்பிக்கையே இருக்கவில்லை. முற்றிய நிலையிலேயே இத்தனை பேர் பிழைத்தால், முன்கூட்டியே செய்தால் என்ன என்று அடுத்து ஆராய்ந்தார்கள். மருந்தால் நோய் கட்டுப்பட்டிருக்கும் முதல் கட்டத்திலேயே செய்தபோது பலன் மேலும் கூடியதை 1979-ல் வெளியிட்டார்கள். இத்தனை ஆண்டுகளும் அவரது மனைவி டோட்டி கூடவே உழைத்தார். கட்டுரைகளைத் திருத்திச் செப்பனிட்டதும் அவர்தான். 1990-ல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வரிசை நமக்கு ஒரு அளவுகோலைத் தருகிறது. யாராவது புதிய சிகிச்சை என்று சொல்லிப் பணம் கேட்டால், வீட்டையோ நகையையோ விற்கும் முன் நான்கு கேள்விகள் கேட்போம். இது எந்த மருத்துவ இதழில் வெளியானது? எத்தனை பேருக்குச் செய்தார்கள்? எத்தனை ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? நோயின் எந்தக் கட்டத்தில் செய்தார்கள்? 'பப்மெட்' என்ற இணையத் தளத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்தை இலவசமாகவே தேடலாம். புரியாவிட்டால், தெரிந்த மருத்துவரிடம் காட்டிக் கேட்கலாம்.

இன்னொன்றையும் குடும்பத்தினர் அறிய வேண்டும். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பே உண்டு. வீட்டில் பொருத்தமானவர் இல்லாதபோது, முன்பின் அறியாத கொடையாளர்களின் பதிவேட்டில் தேடுகிறார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'தாத்ரி' அத்தகைய பதிவேடுகளில் ஒன்று. இப்போது பெரும்பாலும் சில நாட்கள் ஊசி போட்டு, கை நரம்பின் வழியாகவே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். கொடுத்தவரின் உடல் அதை மீண்டும் உற்பத்தி செய்துகொள்ளும்.

பிழைத்தவர்களின் எண்ணிக்கையோடு இறந்தவர்களின் எண்ணிக்கையையும் எழுதி வைத்ததால்தான் அடுத்த நோயாளிக்கு வழி பிறந்தது. கணக்கைக் காட்டும் மருத்துவத்தை நம்புவோம். கணக்கே இல்லாத வாக்குறுதியிடம் நம் பிள்ளைகளின் உயிரை ஒப்படைக்காதிருப்போம்.