பெரியவங்களுக்கும் கலர் பென்சில்!

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரர் குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடிப் படுத்தாச்சு. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போயாச்சு. இனி மதியம் வரை டி.வி. கிடையாது, மிக்ஸி கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவோடு வாசலில் நின்று நாலு வார்த்தை பேசுவதென்றாலும் குரலைத் தாழ்த்தணும். நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்வாசிகளான உங்களில் பலருக்கு இந்த நிசப்தம் நன்றாகவே பழக்கம். வீடு சும்மா இருந்தாலும் மனசு சும்மா இருக்கிறதா? பையனின் மார்க், மாமியாரின் மூட்டுவலி, மாசக் கடைசி என்று அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சத்தமே வராத ஒரு வேலை சொல்லட்டுமா? படத்துக்குக் கலர் அடியுங்கள்.

‘அட போங்க, இதென்ன எல்.கே.ஜி. சமாச்சாரம்?’ என்கிறீர்களா? மார்கழியில் கோலம் போட்டு, கட்டம் கட்டமாகக் கலர்ப்பொடி தூவுகிறீர்களே, அதே வேலைதான்... இடுப்பு வலிக்காமல்! 2013-ல் ஸ்காட்லாந்து ஓவியர் ஜோஹன்னா பாஸ்ஃபோர்டு, இலைக்கும் பூவுக்கும் நடுவே வண்டும் பறவையும் ஒளிந்திருக்கும் ‘சீக்ரெட் கார்டன்’ என்ற புத்தகத்தைப் பெரியவர்களுக்காகவே போட்டார். உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்றது.

இதனால் பலன் உண்டா? 2005-ல் அமெரிக்காவில் 84 மாணவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. முதலில் அவர்களைக் கொஞ்சம் பதற்றப்பட வைத்து, பிறகு 20 நிமிஷம் கலர் அடிக்கச் சொன்னார்கள். வட்டக் கோலம் போன்ற மண்டலப் படமோ, கட்டம் போட்ட டிசைனோ கிடைத்தவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெறும் வெள்ளைத்தாள் கிடைத்தவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ‘என்னத்தை வரைவது?’ என்பதே ஒரு கவலையாயிற்றே! கோடு போட்டுக் கொடுத்துவிட்டால், அடுத்து எந்தக் கலர் என்பது மட்டும்தான் யோசனை.

அதற்காக இதை மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், டாக்டரைத்தான் பார்க்கணும்.

புத்தகம் வாங்கும்போது அட்டையில் ‘டென்ஷன் போக்கும்’ என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பிரித்துப் பார்த்து வாங்குங்கள். நெய்வேலியில் 1998-ல் ஆரம்பித்த புத்தகக் கண்காட்சி மாதிரியான இடம் இதற்கு ரொம்ப வசதி. முதலில் தாளைத் தடவிப் பாருங்கள். ஜெராக்ஸ் தாள் கனம்தான் என்றால் ஸ்கெட்ச் பேனா மை மறுபக்கம் ஊறிவிடும், 120 ஜி.எஸ்.எம். இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது இன்னும் உத்தமம். நாற்பதைத் தாண்டியவரா? வழக்கமாகப் படிக்கும் தூரத்தில் படத்தைப் பிடித்துப் பாருங்கள். சின்னச் சின்ன இடைவெளிகள் கண்ணுக்குப் பிடிபடவில்லையென்றால், எவ்வளவு அழகான புத்தகமானாலும் வைத்துவிடுங்கள். தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

என் ஓட்டு வேடிக்கைப் படங்களுக்குத்தான். குடை பிடித்த தவளை, முதுகில் மாடி வீடு சுமக்கும் நத்தை, மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தை... நிஜ ரோஜாவுக்கு எந்தச் சிவப்பு என்று குழம்பலாம். மாடி வீட்டு நத்தைக்கு ஊதாக் கலர் அடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? பார்த்ததும் உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா, அந்தப் புத்தகத்தை எடுங்கள்.

ஆரம்பத்தில் 12 கலர் பென்சில் தாராளம். அழுத்தித் தேய்க்காமல், லேசாக இரண்டு மூன்று தடவை பூசினால் கலரும் அழகாக ஏறும், மணிக்கட்டும் வலிக்காது. ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி, வெளியே தூரத்து மரத்தைப் பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். ஒரே நாளில் படத்தை முடித்தே தீரணும் என்று உட்கார்ந்தால், அதுவும் இன்னொரு வீட்டு வேலையாகிவிடும்.

வீட்டுக்காரருக்கும் ஆசை வந்துவிட்டதா? பென்சிலைத் தூங்கி எழுந்த பிறகு கொடுங்கள். கலர் அடிக்க நல்ல வெளிச்சம் வேண்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் படுக்கப்போகும் நேரத்தில் அந்த வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கம் தள்ளிப்போகும்.