துறைமுகமும் மணலும்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கௌதள்ளி போன்ற ஊர்களில், கடலையே கண்டறியாத மாணவர்க்குத் துறைமுகத்தைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஒரு மழைக்கால ஓடையே போதும். மணல் உருண்டோடும் ஓடையில் கரையிலிருந்து பாதி அகலம் வரை கற்களை அடுக்கிச் சற்றுக் காத்திருந்தால், நீர் வரும் பக்கத்தில் மணல் மேடிடுவதையும், கற்களுக்கு அப்பால் கரை அரிபடுவதையும் காணலாம். சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஓடையிலேயே அடங்கிவிடுகிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, ஆட்களும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தன. 1861-இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் அமைத்தனர். புயல்கள் அதனையும் சிதைத்தன. பின்னர், வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியியலாளரின் திட்டப்படி, கிழக்கே வாயிலுள்ள இரு அலைதடுப்புக் கரைகளின் நிர்மாணம் 1876-இல் தொடங்கியது. கருங்கல் மேட்டின்மீது கான்கிரீட் பாளங்களை அடுக்கினர். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் மேலடுக்குப் பாளங்களைப் புரட்டித் தள்ளியது. அவற்றைத் தூக்கி வைத்த பெரும் பாரந்தூக்கிகளும் கடலில் வீழ்ந்தன.

அலையின் வலிமையைச் சிறிதும் குறைத்து மதிப்பிடலாகாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சரிவான கற்கரையின்மீது மோதும் அலையின் உயரம் இரு மடங்கானால், அதனைத் தாங்கி நிற்க வேண்டிய கல்லின் எடை எட்டு மடங்காதல் வேண்டும். ஒரு டன் கல் நின்ற இடத்தில் எட்டு டன் கல் வேண்டும். அத்தகைய கற்கள் எல்லாச் சுரங்கங்களிலும் கிடைப்பதில்லை. ஆகவேதான் நான்கு கால்களுடைய 'டெட்ராபாட்' என்னும் கான்கிரீட் உறுப்புகள் 1950-இல் பிரான்சு நாட்டில் உருவாக்கப்பட்டன. ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் இவை குறைந்த எடையிலும் நிலைத்து நிற்கின்றன.

எனினும், கல் நின்றாலும் மணல் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் சென்னைக் கரையைத் தெற்கிலிருந்து சாய்வாகத் தாக்குகின்றன. சாய்வாக ஏறும் நீர் நேராக இறங்குவதால், ஒவ்வொரு மணல் துகளும் வாள் பற்களைப்போல் வளைந்து வளைந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் இவ்வோட்டம் திரும்பினும், ஆண்டுக் கணக்கில் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. தென்கரை அதனைத் தடுத்தது. மணல் சேர்ந்து சேர்ந்து மெரினாக் கடற்கரை அகன்றது. யாரும் திட்டமிடாமல் நகரத்துக்கு ஓர் உலாவிடம் கிடைத்தது! அதற்கான விலையை வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதி மீனவர் தந்தனர். வரவேண்டிய மணல் வராமையால் அங்கே கரை சில நூறு மீட்டர் உள்வாங்கியது. குடியிருப்புகள் கடலிற் போயின. கற்சுவர் எழுப்பினால், அச்சுவர் முடியும் இடத்திலிருந்து அரிப்புத் தொடங்குகிறது.

கிழக்கு வாயிலும் தொல்லை தந்தது. அலைகள் நேரே உட்புகுந்து கப்பல்களை அலைக்கழித்தன. 1904-இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதனை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தனர்.

1933-இல் திறக்கப்பட்ட விசாகப்பட்டினத் துறைமுகத்திலோ மணலை முன்னரே கணக்கில் எடுத்துக்கொண்டனர். இரு பழைய கப்பல்களை வாய்க்காலின் தென்புறம் மூழ்கடித்து, அவற்றையே அலைதடுப்பாக்கினர். அதன் மறைவில் படியும் மணலைத் தூர்வாரி வடபுறக் கரையில் சேர்த்தனர். என் கருத்தில், சென்னையின் பெருஞ்சுவர்களைவிட அந்தப் பழங்கப்பல்களே பொறியியல் மாணவர் முதலில் கற்கத்தக்கவை.

இன்று துறைமுகத்தின் வரைபடம் முடிவாகுமுன், புனே அருகிலுள்ள கடக்வாசலாவில், மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் சிறிய மாதிரி அமைத்து அலைகளை எழுப்பிப் பார்க்கின்றனர். அம்மாதிரிக்கு வேண்டியவை அலையின் உயரம், அது வரும் திசை, மணலின் பருமன், பருவந்தோறும் மாறும் கரைக்கோடு ஆகியவை. இவற்றை அளந்து தர வேண்டியவர் கரையில் நிற்கும் களப்பணியாளரே. ஒரு பருவத்து அளவு போதாது. இரு பருவக்காற்றுகளும் அடங்கிய முழு ஆண்டுகளின் அளவுகள் வேண்டும்.