கிரேக்கக் கிண்ணத்தின் அரபுத் தலைப்பாகை

ஆல்ஜிப்ரா, ஆல்கஹால், ஆல்கலி என ‘அல்’ என்று தொடங்கும் கலைச்சொற்களைக் கண்டதும், அவை அரபு மொழியிலேயே பிறந்தவை என்று நாம் பெருமிதத்தோடு முடிவு கட்டிவிடுகிறோம். இம்மூன்றுக்கும் அது பொருந்தும். காய்ச்சி வடிக்கும் கலத்தைக் குறிக்கும் ‘அலெம்பிக்’ என்ற வேதியியற் சொல்லுக்கோ பொருந்தாது. அதன் தலைப்பாகைதான் அரபு, உடல் கிரேக்கம். இதை ஒப்புக்கொள்வதால் அரபு அறிஞர்களின் பெருமை குன்றிவிடப் போவதில்லை.

கிரேக்கத்தில் ‘ஆம்பிக்ஸ்’ என்பது கிண்ணம். கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் டயஸ்கோரிடீஸ் பாதரசம் எடுக்கும் முறையை விளக்குமிடத்தில் இச்சொல்லை ஆள்கிறார். சாதிலிங்கத்தை இரும்புக் கலத்திலிட்டு மட்பாண்டத்துள் வைத்து, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்துக் களிமண் பூசி, அடியில் கரிநெருப்பு மூட்டுவர். கிண்ணத்தில் ஒட்டிய கரியைச் சுரண்டி ஆறவிட்டால் அது பாதரசமாகும். அவரது நூல் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அரபாக்கப்பட்டது. இஸ்தஃபான் இப்னு பஸீல் மொழிபெயர்க்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்தினார்.

அரபியில் இச்சொல் ‘அல்-அன்பீக்’ என்று எழுதப்படுகிறது. கிரேக்க ‘ம்’ எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. சுகூன் பெற்ற நூனுக்குப் பின் ‘பா’ வந்தால் நூன் மீமாக ஒலிக்கும் என்பதைத் தஜ்வீது பயின்ற சிறுவரும் அறிவர். ‘இக்லாப்’ என்று மதரஸாவில் மனனம் செய்த விதிதான். எழுத்தில் அன்பீக், நாவில் அம்பீக்.

இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (மறைவு கி.பி. 925) வேதியியற் கருவிகளை வகைப்படுத்தி எழுதியபோது, அன்பீக் வெறும் கிண்ணமாக இல்லை. ஆவியைத் தாங்கிக் குளிர்வித்துத் துளிகளை மூக்கு வழியே வெளியேற்றும் மேற்கலம் அது. மூக்கில்லாததற்குக் ‘குருட்டு அன்பீக்’ என்று பெயர். கீழே நெருப்பிலிருக்கும் கலம் ‘கர்உ’, அதாவது சுரைக்காய். வடிநீரை ஏற்கும் கலம் ‘காபிலா’. பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சிக்கும் அரபியில் அதுவே பெயர்! பிறக்கும் துளியைக் கையேந்தி வாங்குபவள் என்று எண்ணினால் எத்துணைப் பொருத்தம்! நம் சித்த மருத்துவர்கள் ‘வாலை இயந்திரம்’ என்பதும் இவ்வகைக் கருவியையே.

இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அல்’ என்னும் சுட்டிடைச்சொல்லையும் பெயரோடு சேர்த்தே எடுத்துக்கொண்டு ‘அலெம்பிகஸ்’ என்றனர். மேற்கலத்தின் பெயர் பின்னர் முழுக் கருவிக்கும் ஆகிவந்தது. ஸ்பானியர் ‘அலம்பிக்கே’ என்கின்றனர். பழைய ஆங்கிலேயர் முதலெழுத்தை விழுங்கி ‘லிம்பெக்’ என்றனர். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் இவ்வடிவமே உள்ளது. இத்தாலியரோ மூளையைக் கசக்கிச் சிந்திப்பதையே ‘மூளையை வாலையிலிடுதல்’ என்கின்றனர்.

1907இல் பரோடாவில் தொடங்கப்பட்ட மருந்து நிறுவனமொன்றும் ‘அலெம்பிக்’ என்றே பெயர் சூடிற்று. இருமல் மருந்துப் புட்டியில் நாம் கண்ட பெயர் அதுதான்.