கடலடி எரிவாயு: வருவாய் யாருக்கு, இடர் யாருக்கு?

கன்னியாகுமரிக்கு அப்பால் சுமார் 27,000 சதுர கி.மீ. பரப்பிலான மூன்று ஆழ்கடல் பகுதிகளில் எண்ணெய், எரிவாயு தேடும் உரிமை 2025-இல் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. மீனவர்கள் எதிர்க்கிறார்கள், இறக்குமதிச் செலவு குறையும் என்கிறது மத்திய அரசு. இரண்டுக்கும் இடையே ஒரு பொருளாதாரக் கேள்வி விடுபட்டுப் போகிறது.

முதலில், எரிவாயு இருப்பது வேறு. அது இலாபமாவது வேறு. மன்னார் படுகையின் இலங்கைப் பகுதியில் 2011-இல் கெய்ர்ன் நிறுவனம் இரு கிணறுகளில் எரிவாயு கண்டது. ஆனால், 2015-இல் அது வெளியேறியது. வணிக உற்பத்தி இன்றுவரை தொடங்கவில்லை. கடலின் ஆழம், குழாய்ச் செலவு, உலகச் சந்தை விலை ஆகியவையே இறுதி முடிவைத் தீர்மானிக்கின்றன.

இலாபம் கிடைத்தாலும் அது யாருக்கு? நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கு மாநிலம் உரிமத்தொகை பெறுகிறது. கடலடி வளமோ அரசமைப்புச் சட்டத்தின் 297-ஆவது பிரிவின்படி ஒன்றியத்துக்கே உரியது. விபத்து நேர்ந்தால் பாதிப்பைச் சுமப்பவையோ மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், இராமேசுவரம் முதல் குமரி வரையிலான மீனவக் குடும்பங்களும்தான்.

ஆப்பிரிக்காவின் கானா, கடலில் எண்ணெய் உற்பத்தி தொடங்கிய மறு ஆண்டே, 2011-இல், அவ்வருவாயில் ஒரு பங்கை வருங்காலத் தலைமுறைக்கு ஒதுக்கச் சட்டம் இயற்றியது. நாம் இன்னும் முன்னதாகவே செயல்பட முடியும். துளையிடும் முன்பே கடலோர மக்களுக்கான பங்கும் இழப்பீட்டு நிதியும் சட்டமாக வேண்டும். அதற்குப் பிறகே இத்திட்டத்தை வளர்ச்சி என்று அழைப்பது பொருந்தும்.