சைடு இன்கம் பண்றீங்களா? உங்க ‘ஃப்ரீ’ சாஃப்ட்வேர் எதுக்கு ஃப்ரீன்னு பாருங்க!

வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதியில் டிசைன், கோடிங், எடிட்டிங் என்று சம்பாதிக்கிறவங்க இப்போ நிறைய. லேப்டாப் விலை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதில் ஓடுற சாஃப்ட்வேர்? “அது ஃப்ரீ சார்” என்பார்கள். சரி, எதுக்கு ஃப்ரீ?

‘நான்-கமர்ஷியல்’ என்றால் ‘நான் கம்பெனி இல்லை, தனி ஆள்’ என்று அர்த்தம் இல்லைங்க. அதை வைத்து உங்களுக்குப் பணம் வருகிறதா என்பதுதான் கேள்வி. கல்லூரியில் வாங்கின ஆட்டோடெஸ்க் எஜுகேஷன் லைசென்ஸ் படிப்புக்கு. அதில் தெரிஞ்சவருக்கு வீட்டு பிளான் வரைந்து 3,000 ரூபாய் வாங்கினாலும் அது கமர்ஷியல்தான். (பழைய மாணவர் பதிப்புகளில் பிரிண்ட் எடுத்தால் ஓரத்தில் அந்த முத்திரையே விழும். கிளையன்ட் முன்னாடி மானம் போயிடும்!)

பலர் யோசிக்காதது, சம்பளமும் இதில் சேரும். ஜெட்பிரெயின்ஸ் 2024 அக்டோபரில் வெப்ஸ்டார்ம், ரைடர் இரண்டையும் நான்-கமர்ஷியல் பயன்பாட்டுக்கு இலவசமாக்கியது. கத்துக்கலாம், ஹாபி ப்ராஜெக்ட் பண்ணலாம். ஆனா ஆபீஸ் கோடை அதில் திறந்தால், சொந்த லேப்டாப்பில் ராத்திரி 11 மணிக்குத் திறந்தாலும், அது கமர்ஷியல். அவங்க இண்டிவிஜுவல் பிளானைச் சொந்தக் காசில் வாங்கி ஆபீஸ் வேலைக்குப் பயன்படுத்தலாம். கம்பெனியிடம் ரீஇம்பர்ஸ்மென்ட் மட்டும் வாங்கக் கூடாது.

டாக்கர் டெஸ்க்டாப் கணக்கு வேற. 250 பேருக்குக் குறைவான ஊழியர்கள், ஆண்டு வருவாய் 1 கோடி டாலருக்குக் கீழே, இந்த இரண்டும் இருக்கிற கம்பெனிக்குத்தான் இலவசம். ஐ.டி. டீமைக் கேட்காமல் இன்ஸ்டால் பண்ணாதீங்க.

கிராக் வெர்ஷன் பக்கம் போகவே வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால்தான் சிறையை விட்டு அபராதத்தோடு முடிக்க நீதிமன்றத்துக்கு வழி இருக்கு.

முதல்ல, வாங்கவே வேண்டுமா பாருங்க. பிளெண்டர், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ், டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு எல்லாவற்றிலும் கிளையன்ட் வேலை செய்யத் தடை இல்லை. என் கருத்து, ஆர்டர் நிலையாக வரும்வரை இதிலேயே ஓட்டுங்க. எப்போதாவது பெரிய சாஃப்ட்வேர் தேவைப்பட்டால் மாத பிளான் எடுத்து, அந்தச் செலவைக் கொட்டேஷனிலேயே சேர்த்துடுங்க. அடோபியில் ‘ஆண்டு பிளான், மாதாமாதம் பில்’ என்று ஒன்று இருக்கு. பார்க்க மாத பிளான் மாதிரியே இருக்கும். நடுவில் நிறுத்தினால் கேன்சலேஷன் கட்டணம் வரும்.

வரிக்கு வருவோம். சம்பளத்தில் இந்தச் செலவைக் கழிக்க முடியாது. ஃப்ரீலான்ஸ் வருமானத்துக்குக் கணக்கு எழுதிக் காட்டினால் சந்தாவைக் கழிக்கலாம். 50% லாபம் என்று காட்டுகிற பிரிசம்ப்டிவ் முறையில் போனால் தனியாகக் கழிக்க முடியாது. எப்படிப் போனாலும் பில் உங்க பெயரில் இருக்கட்டும். நண்பர் அக்கவுன்ட்டில் பங்கு போட்டுக் கட்டின சந்தாவுக்கு உங்ககிட்ட காட்ட எதுவும் இருக்காது.