திம்பம் மலைச்சாலையில் மோட்டார் ஓட்டுதல்

சென்னை யானைக்கவுனியில் யானை பெயரளவில் மட்டுமே உண்டு. பட்டணத்துப் பழைய மதிலின் வாயிலொன்றுக்கு வழங்கிய பெயர் அது. அவ்வட்டாரத்தின் சமதளத் தெருக்களில் பாரமேற்றிப் பழகிய லாரி ஓட்டுநர், சத்தியமங்கலம் மார்க்கமாய் மைசூருக்குப் புறப்படுவாராகில், பண்ணாரியைக் கடந்தபின் மெய்யான யானையையே சாலை நடுவில் எதிர்கொள்ள நேரிடும். 2013-ஆம் வருஷத்தில் புலிகள் காப்பகமாக்கப்பட்ட வனத்தின் ஊடே இச்சாலை செல்கின்றது.

பண்ணாரிக்கும் திம்பத்திற்கும் இடையே 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே அபாயகரமானது. பிரேக்கையே நம்பி இறங்கினால், உராய்வினால் அதன் பாகங்கள் சூடேறி, எவ்வளவு மிதித்தும் பிடியாமற் போகும். ஆகையால் ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதையே இறங்கும்போதும் இட்டு, எஞ்சினின் தடையாலேயே வேகத்தை அடக்குதல் வேண்டும். எண்ணெய் மிச்சமாகுமென்று கியரை நீக்கி வண்டியை உருளவிடுவோரும் உளர். அவர்கள் மிச்சம் பிடிப்பது சில காசுகளே. அகலம் போதாத இடத்தில், இறங்கும் வண்டியே ஒதுங்கி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டுமென்பது சட்டம். பாரத்துடன் ஏற்றத்தில் நின்றுவிட்ட லாரியை மறுபடி கிளப்புதல் எவ்வளவு கடினமென்பதை ஓட்டுநர் அறிவர்.

யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் ஒலிக்காமலும் விளக்கைச் சிமிட்டாமலும் காத்திருத்தல் வேண்டும். இறங்கிப் படம் பிடித்தல் கூடவே கூடாது.

இனிக் குடியானவர்களைப் பற்றியது. தாளவாடிப் பக்கத்துக் கரும்பு இச்சாலை வழியாகவே ஆலைக்கு வருகின்றது. அளவுக்கு மிஞ்சி ஏற்றிய கரும்பு வழியில் சிந்துவதாலும், சிலர் வேண்டுமென்றே எறிவதாலும், யானைகள் காரப்பள்ளம், ஆசனூர்ப் பகுதிகளில் லாரிகளை எதிர்பார்த்து நிற்கப் பழகிவிட்டன. ருசி கண்ட யானை, கரும்பில்லாத வண்டியையும் மறிக்கும். பாரத்தைக் குறைத்துக் கயிற்றால் இறுகக் கட்டி அனுப்புவது கரும்புக்காரரின் பொறுப்பாகும்.

வனவிலங்குகள் வண்டியில் அடிபட்டு மாண்டதை முன்னிட்டு, சென்னை ஹைகோர்ட் உத்தரவின்படி 2022 பிப்ரவரி 10 முதல் இச்சாலையில் இராப் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. காய்கறி உரிய வேளையில் சந்தை சேராதென்று தாளவாடி விவசாயிகள் அப்போது கிளர்ச்சி செய்தனர். அவர்கள் முறையீட்டில் நியாயம் இல்லாமலில்லை. உள்ளூராருக்குச் சில சலுகைகள் பின்னர் அளிக்கப்பட்டன. வெளியூர் ஓட்டுநர்கள், அனுமதிக்கப்படும் நேரத்தையும் பாரத்தின் அளவையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, பொழுது சாயுமுன் பண்ணாரி சோதனைச் சாவடியை அடையும்படி சரக்கேற்றிக்கொள்வது நலம்.