ஃபிளஹூல் (ஐரியப் பெயரடை)

ஃபிளஹூல் என்பது ஐரிய மொழியில் 'தாராள மனமுள்ள' என்னும் பொருள் தரும் பெயரடை ஆகும்.

சொல்லாக்கம்

'ஃபிளஹ்' என்றால் ஆட்சியாளர் அல்லது இளவரசர். அதனுடன் 'ஊல்' விகுதி சேர்ந்து 'ஆட்சியாளரைப் போன்ற' என்ற பொருளில் இச்சொல் உருவானது. பழைய அயர்லாந்தில் விருந்தோம்பலும் கொடையும் தலைவர்களின் கடமையாகக் கருதப்பட்டன. அரசவைப் புலவர்களும் அப்பண்பையே புகழ்ந்து பாடினர். எனவே 'தலைவரைப் போன்ற' என்பது 'வாரி வழங்கும்' என்றானது.

'ஊல்' விகுதி 'ஒப்புமை' என்னும் பொருளுடைய பழைய சொல்லிலிருந்து வந்தது. 'ஃபார்' (ஆண்) 'ஃபாரூல்' (ஆண்மையுள்ள) ஆவதும், 'மிஷ்னக்' (துணிவு) 'மிஷ்னியூல்' (துணிவுள்ள) ஆவதும் இவ்விகுதியால்தான்.

இலக்கணம்

ஐரிய மொழியில் பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னர் வரும். ஆண்பால் ஒருமையில் அது மாறாது: 'ஃபார் ஃபிளஹூல்' (தாராளமான ஆண்). பெண்பால் ஒருமையில் முதல் மெய் மென்மையாகும். 'ஃப' ஒலி மென்மையானால் முற்றிலும் மறைந்துவிடும். எனவே 'தாராளமான பெண்' என்பது 'பான் லஹூல்' என ஒலிக்கும். எழுத்தில் ஃபகர எழுத்து நீங்காது. அதையடுத்து ஹகர எழுத்து ஒன்று சேர்க்கப்படும். 'லஹூல்' என்று கேட்டவர் லகரத்தில் தேடினால் அகராதியில் இச்சொல் கிடைக்காது.

பயனிலையாக வரும்போது இம்மாற்றம் இல்லை. 'அன் வான் லஹூல்' என்றால் 'அந்தத் தாராளமான பெண்'. 'தா அன் வான் ஃபிளஹூல்' என்றால் 'அந்தப் பெண் தாராளமானவள்'.

பன்மையில் ஈற்றில் 'ஆ' சேரும்: 'மனா ஃபிளஹூலா' (தாராளமான பெண்கள்). பன்மைப் பெயர் இகரச் சாயலுள்ள மெய்யில் முடிந்தால் பெயரடையின் முதல் மெய்யும் மென்மையாகும்: 'ஃபிர் லஹூலா' (தாராளமான ஆண்கள்). பெண்பால் ஒருமையின் ஆறாம் வேற்றுமையிலும் 'ஃபிளஹூலா' வடிவமே வரும். எனவே 'நா மனா ஃபிளஹூலா' என்பதற்கு 'அந்தத் தாராளமான பெண்கள்', 'அந்தத் தாராளமான பெண்ணுடைய' என இரு பொருள் உண்டு. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும்.

ஒப்பீடும் பிற வடிவங்களும்

ஒப்பீட்டிலும் ஆகார ஈறே வரும்.

- 'நீஸ் ஃபிளஹூலா': மேலும் தாராளமான
- 'இஸ் ஃபிளஹூலா': மிகவும் தாராளமான
- 'கோ ஃபிளஹூல்': தாராளமாக (வினையடை)
- 'ஃபிளஹூலக்ட்': தாராள குணம் (பண்புப்பெயர்)

இதன் மற்றொரு வடிவமான 'ஃபிளஹூலக்' அயர்லாந்து மக்கள் பேசும் ஆங்கிலத்திலும் வழங்குகிறது.